38 அடி ஃபிஃப்த் வீலுக்கு எந்த பிக்கப்? முதலில் கதவோர ஸ்டிக்கரைப் படியுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். டல்லஸ் பக்கம் இருக்கிறீர்கள். நீங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு பேர், அம்மா என ஐந்து பேர். 38 அடி நீள ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பிக்கப்பின் பின்பக்கத் திறந்த தட்டான பெட்டுக்குள் பொருத்திய ஹிட்ச் என்ற இணைப்பில் மாட்டும் வீட்டு டிரெய்லர்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். காலி எடை 11,200 பவுண்டு, ஏற்றிய பின் உச்ச எடை 14,000. வீட்டில் இருக்கும் ஃபோர்டு எஃப்-150 "13,000 இழுக்கும், கவலைப்படாதீர்கள்" என்று டிரெய்லர் விற்பவர் சொல்லிவிட்டார். அது போதுமா, போதாதென்றால் எஃப்-250 வாங்கலாமா, எஃப்-350 வேண்டுமா, பின்னால் நான்கு டயர் கொண்ட டூவலி அவசியமா, டீசலா பெட்ரோலா என்று கேட்கிறீர்கள். கோடையில் கொலராடோ போகும் திட்டமும் இருக்கிறது.

எது இழுக்கும் என்ற கோணத்திலேயே கேட்டிருக்கிறீர்கள். இந்த அளவு டிரெய்லரை இன்றைய பிக்கப் இன்ஜின்கள் பெரும்பாலும் இழுத்துவிடும். உங்கள் எஃப்-150கூட சமதரையில் நகர்த்தும். சிக்கல் வேறு இடத்தில். டிரெய்லரின் முன்பக்க எடை வண்டியின் பின் அச்சுமேல் உட்கார்கிறது. அதை ஸ்பிரிங்கும் அச்சும் டயரும் தாங்க வேண்டும். சாதாரண டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம்தான் வண்டியின் மேல் வரும். ஃபிஃப்த் வீலில் 20 சதவீதத்துக்குக் குறைந்து கணக்குப் போடவே கூடாது. 22, 23 வரை போவதும் சகஜம். 14,000-க்கு 21 சதவீதம் என்றால் சுமார் 2,950 பவுண்டு.

டிரெய்லர் விளம்பரத் தாளில் "ஹிட்ச் எடை 2,100" என்று இந்த முன்பக்க எடையைப் போட்டிருப்பார்கள். அதை நம்பிக் கணக்குப் போட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அது தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும் காலி டிரெய்லரின் எண். பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், துணி, தண்ணீர் எதுவும் அதில் முழுமையாகச் சேராது. பெரும்பாலான ஃபிஃப்த் வீல்களில் படுக்கையறையும் அதன் அலமாரியும் முன்பக்கம், ஹிட்சில் மாட்டும் தடித்த ஊசியான கிங்பின்னுக்கு மேலேயே இருக்கும். அடியில் இருக்கும் பெரிய சாமான் அறையும் அச்சுகளுக்கு முன்னால்தான். நீங்கள் ஏற்றுவதில் பெரும்பங்கு அங்கேதான் போய்ச் சேரும். நல்ல தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 60 கேலன் தொட்டி நிறைந்தால் 500 பவுண்டு. அது அச்சுகளுக்கு முன்னால் இருந்தால் கிங்பின் எடை ஏறும், பின்னால் இருந்தால் இறங்கும். பின்பக்கம் பைக் ஏற்றும் டாய் ஹாலர் வகையில் கணக்கு தலைகீழ்: பின்னறை காலியாக ஓடும்போதுதான் முன் எடை மிக அதிகம்.

இப்போது டிரக் பக்கம் வாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் நடுத்தூணில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பயணிகளும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அதுதான் பேலோடு. அந்த எண் அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் உரியது. பக்கத்தில் நிற்கும் அதே நிற, அதே மாடல் வண்டியில் சன்ரூஃபும் மின்சாரப் படிக்கட்டும் கூடுதலாக இருந்தால் எண் இருநூறு பவுண்டு குறைந்திருக்கும். நிரம்பிய எரிபொருள் டாங்க் இந்தக் கணக்கில் ஏற்கெனவே கழிந்துவிட்டது, ஆனால் ஓட்டுநர் கழியவில்லை. நீங்களும் சுமைதான். விளம்பரத்தில் வரும் பெரிய பேலோடு எண், ஒற்றை கேபின், இருசக்கர இயக்கம், துணி இருக்கை கொண்ட வண்டிக்கானது. அதை யாரும் குடும்பத்துக்கு வாங்குவதில்லை.

உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுவோம். கிங்பின் எடை 2,950. ஃபிஃப்த் வீல் ஹிட்ச் 150 முதல் 250 வரை. 200 என்று வையுங்கள். ஐந்து பேருக்கு 600. கருவிப்பெட்டி, ஐஸ்பெட்டி, பெட்டில் போடும் சில்லறைச் சாமான் 200. மொத்தம் 3,950 பவுண்டு. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியின் கதவையும் திறந்து பாருங்கள், குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

எஃப்-150: நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், ஓரளவு வசதிகள் கொண்ட வண்டியில் ஸ்டிக்கர் பொதுவாக 1,500-லிருந்து 1,900-க்குள் இருக்கும். கணக்கு இங்கேயே முடிந்தது. விற்பவர் சொன்ன 13,000 பொய்யல்ல, ஆனால் உங்களுக்குப் பயன்படாத உண்மை. இழுவை எண்களை எஸ்.ஏ.ஈ. ஜே2807 என்ற தரப்படி சோதிக்கிறார்கள். அரிசோனாவின் டேவிஸ் டேம் மலைச்சாலையில் ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு சுமார் 11 மைல் ஏற வேண்டும், வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. நல்ல சோதனைதான். ஆனால் வண்டிக்குள் தலா 150 பவுண்டில் இரண்டே பேர் என்றுதான் அதில் வைத்துக்கொள்கிறார்கள். அம்மாவும் பிள்ளைகளும் அந்த எண்ணில் இல்லை.

எஃப்-250 டீசல்தான் இந்த விஷயத்தில் ரொம்பப் பேரை ஏமாற்றும் வண்டி. பார்க்கப் பெரியது, டீசல் இன்ஜின் மலையையே இழுக்கும் போலிருக்கும். ஆனால் பலவற்றில் ஜி.வி.டபிள்யூ.ஆர், அதாவது வண்டியும் சுமையும் சேர்ந்த உச்ச எடை, 10,000 பவுண்டில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் போனால் வாகன வகுப்பே மாறும். டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைவிடப் பல நூறு பவுண்டு கனம், அந்தக் கனம் முழுதும் பேலோடிலிருந்துதான் கழிகிறது. அதனால் வசதிகள் நிறைந்த எஃப்-250 டீசலில் ஸ்டிக்கர் 2,300, 2,600 என்று நிற்கும். கம்மின்ஸ் டீசல் இன்ஜின் போட்ட ராம் 2500 இதைவிடக் குறைவு. 2,000 பவுண்டை ஒட்டிய ஸ்டிக்கர்கள் அதில் சாதாரணம். பின்னால் அதற்குக் காயில் ஸ்பிரிங், ராம் 3500-க்கு இலை ஸ்பிரிங். ஷெவ்ரோலே சில்வராடோ 2500-இல் 2020-க்குப் பிறகு வந்தவற்றில் ஜி.வி.டபிள்யூ.ஆர் 10,000-ஐத் தாண்டுவதால் கொஞ்சம் மேல், ஆனாலும் உங்கள் 3,950-ஐ எட்டுவது கடினம்.

"எஃப்-250-உம் எஃப்-350-உம் ஒரே வண்டி, பேட்ஜ்தான் வேறு" என்று சொல்பவர்கள் உண்டு. முக்கால்வாசி சரி. சட்டகம், இன்ஜின், பிரேக் பெரும்பாலும் பொது. பின் ஸ்பிரிங் அமைப்பும் தாளில் எழுதிய எண்ணும் மாறும். ஆனால் பின் ஸ்பிரிங்கோடு காற்றுப் பை (ஏர்பேக்) போட்டு எஃப்-250-ஐ எஃப்-350 ஆக்கிவிடலாம் என்பது தவறு. ஏர்பேக் வண்டியின் பின்பகுதி தாழாமல் நிமிர்த்தும், ஆட்டத்தைக் குறைக்கும். ஜி.வி.டபிள்யூ.ஆரை ஒரு பவுண்டுகூட உயர்த்தாது. பார்வைக்கு வண்டி சமமாக நிற்பதால் சுமை குறைந்ததாகத் தோன்றும் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து.

ஆக, மிஞ்சுவது 'ஒரு டன்' என்று அழைக்கப்படும் வண்டிகள்: எஃப்-350, ராம் 3500, சில்வராடோ 3500. இதில் பின்னால் இரண்டே டயர் கொண்டவற்றில் டீசல் என்றால் ஸ்டிக்கர் 3,400 முதல் 4,000 வரை பார்க்கலாம். பெட்ரோல் இன்ஜினும் எளிய வசதிகளும் என்றால் 4,000-ஐத் தாண்டும். உங்கள் கணக்கு அந்த விளிம்பில் விழுகிறது. டூவலியில் 5,000-க்கு மேல் சாதாரணமாகக் கிடைக்கும்.

ஸ்டிக்கர் ஒன்றை மட்டும் பார்த்து விடாமல் பின் டயரையும் பாருங்கள். ஒரு டன் ஒற்றை டயர் வண்டிகளில் அடிக்கடி வரும் எல்.டி.275/70ஆர்18 ஈ வகை டயர் 80 பி.எஸ்.ஐ. காற்றில் 3,640 பவுண்டு தாங்கும், இரண்டுக்கும் 7,280. காலி டீசல் வண்டியின் பின் அச்சில் ஏற்கெனவே 3,200 பவுண்டு அளவில் இருக்கும். கிங்பின்னும் ஹிட்சும் 3,150. பின்னிருக்கையில் மூன்று பேரின் எடையிலும் பாதிக்கு மேல் அங்கேதான். 6,600-ஐ ஒட்டி வந்துவிட்டது. எல்லைக்குள்தான், ஆனால் 80 பி.எஸ்.ஐ.க்குப் பதில் 65 காற்றோடு ஆகஸ்ட் மாத டெக்சாஸ் தார்ச்சாலையில் ஓடினால் அந்த இடைவெளி மறைந்துவிடும். டூவலியில் நான்கு டயர் இருப்பதால் ஒன்று வெடித்தாலும் வண்டியைக் கட்டுக்குள் வைத்து ஓரம் கட்டலாம். அமரில்லோ பக்கம் குறுக்குக் காற்று 38 அடி நீளச் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும்போது, பின்னால் அகலமாக ஊன்றி நிற்பதன் அருமை தெரியும்.

டூவலியின் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். பின்பக்கம் சுமார் 8 அடி அகலம். நான்கு கதவும் 8 அடி பெட்டும் சேர்ந்தால் நீளம் 22 அடி. வீட்டு கராஜில் நுழையாது, தானியங்கி கார் வாஷில் நுழையாது, கடை வாசலில் இரண்டு கார் இடம் வேண்டும். டயர் மாற்றினால் ஆறு. காலியாக ஓட்டினால் ஒவ்வொரு மேடும் முதுகுக்குத் தெரியும். ஈரப் புல்லில் காலி டூவலி திணறும். தினமும் அலுவலகத்துக்கு இதைத்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இவை சின்ன விஷயங்கள் அல்ல.

டெக்சாஸில் இன்னொன்று இருக்கிறது, இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடைத் தகுதி 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல், டிரெய்லர் 10,000-க்கு மேல் என்றால், சொந்த உபயோகமாக இருந்தாலும் வணிகமல்லாத கிளாஸ் ஏ உரிமம் வேண்டும். டூவலியின் ஜி.வி.டபிள்யூ.ஆர் 14,000, டிரெய்லர் 14,000, கூட்டினால் 28,000. உரிமம் எடுத்தே ஆக வேண்டும். ஒற்றை டயர் எஃப்-350 11,500 என்றால் கூட்டுத்தொகை 25,500, சாதாரண உரிமமே போதும். கிளாஸ் ஏ உரிமத்துக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் உண்டு. ஓட்டும் தேர்வுக்கு அந்த எடைக்குத் தகுந்த வண்டியையும் டிரெய்லரையும் நீங்களே கொண்டுபோக வேண்டும். கஷ்டமான தேர்வு அல்ல, ஆனால் வண்டி வாங்கிய மறுவாரம் பயணம் என்று திட்டம் போடாதீர்கள். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் விதி வேறு மாதிரி; குடி பெயர்ந்தால் மறுபடி பாருங்கள்.

டீசலா பெட்ரோலா என்பதில் வாதம் முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். டல்லஸிலிருந்து அமரில்லோ வழியாகக் கொலராடோ போனால் ரட்டோன் கணவாய் 7,800 அடியைத் தாண்டுகிறது. அங்கே ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜினின் 430 குதிரைத்திறனில் ஏறக்குறைய கால் பங்கு காணாமல் போயிருக்கும். ஐ-70-இல் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். அங்கே மூன்றில் ஒரு பங்கு. ஏறும், ஆனால் 4,500 ஆர்.பி.எம்.மில் கத்திக்கொண்டு லாரிகளின் பின்னால் ஏறும். டீசலுக்கு டர்போ இருப்பதால் இந்த இழப்பு மிகக் குறைவு. ஆனால் டீசலின் பெரிய லாபம் இறக்கத்தில். இன்ஜின் புகை வெளியேறுவதைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டால் 6, 7 சதவீத இறக்கத்தில் பிரேக் பெடலை அதிகம் தொடாமல் வேகத்தைப் பிடித்து வைக்கும். பெட்ரோல் வண்டியில் கியரைக் குறைத்து, பெடலை விட்டுவிட்டுத் தொட்டு இறங்க வேண்டும். தெரிந்தவர் செய்வார், பிரேக் சூடேறினால் வாசனையே சொல்லிவிடும்.

மறுபக்கம், டீசலுக்குச் சுமார் 10,000 டாலர் கூடுதல். புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் டி.இ.எஃப். திரவம், புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, அடிக்கடி மாற்ற வேண்டிய எரிபொருள் ஃபில்டர் என்று பராமரிப்பும் கூடும். தினமும் ஐந்து மைல் ஓட்டி நிறுத்தினால் டி.பி.எஃப். சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரம் கிடைக்காது, புகைக்கரி அடைத்துக்கொள்ளும். பழைய வண்டி பார்க்கிறீர்கள் என்றால் சி.பி.4 என்ற உயர் அழுத்த எரிபொருள் பம்ப் பற்றிக் கேட்டுவிடுங்கள். அது உள்ளே தேய்ந்தால் உலோகத் தூள் இன்ஜெக்டர் வரை போய், மொத்த எரிபொருள் அமைப்பையும் மாற்றவேண்டி வரும். செலவு பெரும்பாலும் ஐந்திலக்க டாலர். 2011 முதல் 2016 வரையிலான ஷெவ்ரோலேயின் டியூராமேக்ஸ், ஃபோர்டின் 6.7, ராமின் 2019–20 கம்மின்ஸ் ஆகிய டீசல் இன்ஜின்களில் இது இருந்தது. ராம் நிறுவனம் அந்த இரண்டு ஆண்டு வண்டிகளையும் திரும்ப அழைத்துப் பம்பை மாற்றிக் கொடுத்தது. நீங்கள் பார்க்கும் வண்டியில் அது நடந்ததா என்று அதன் தனி அடையாள எண்ணான வி.ஐ.என். எண்ணைப் போட்டுப் பாருங்கள். டி.பி.எஃப்.ஐ வெட்டி எடுத்த 'டிலீட்' வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள், கூட்டரசின் காற்று மாசுச் சட்டப்படி அது சட்டவிரோதம்.

வருடத்துக்கு ஒரு முறை மலை, மற்றபடி டெக்சாஸுக்குள் வார இறுதிகள் என்றால், பெட்ரோல் எஃப்-350 தவறான தேர்வு அல்ல. டீசல் இல்லாததால் மிச்சமாகும் எடை பேலோடாகக் கைக்கு வருகிறது. பின் அச்சின் கியர் விகிதம் இழுவைக்கு ஏற்ற 4.30 கேட்டு வாங்குங்கள், 3.73 வேண்டாம். இழுக்கும்போது கேலனுக்கு 6 முதல் 8 மைல்தான் கிடைக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். டீசலில் 9 முதல் 11.

பெட் நீளத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 8 அடி பெட்டில் ஹிட்சுக்கும் கேபினுக்கும் நடுவே போதுமான தூரம் இருக்கும், டிரெய்லரைக் கிட்டத்தட்ட 90 டிகிரி மடிக்கலாம். ஆறரை அடி பெட்டில் கேம்ப் தளத்துக்குள் பின்னோக்கிச் செலுத்தும்போது டிரெய்லரின் மூக்கு பின் கண்ணாடியை உடைக்க வாய்ப்புண்டு. அதைத் தவிர்க்கப் பின்னோக்கி நகரும் ஸ்லைடர் ஹிட்ச் இருக்கிறது, ஆனால் அது கனம், விலை அதிகம், கையால் நகர்த்தும் வகையில் மறந்தால் கண்ணாடி போச்சு. ஐந்தரை அடி பெட்டை இந்த அளவு டிரெய்லருக்கு நினைக்கவே வேண்டாம். தொழிற்சாலையிலேயே ஃபிஃப்த் வீலுக்கான முன்னேற்பாட்டுப் பேக்கேஜ் போட்ட வண்டியாக இருந்தால் பெட் தரையில் ஹிட்ச் பொருத்தும் துளைகளும் பெட்டுக்குள் ஏழு முனை மின்இணைப்பும் வந்துவிடும். பிறகு போட்டால் தரையைத் துளைக்க வேண்டும்.

உயரமும் பாருங்கள். இன்றைய நான்கு சக்கர இயக்க வண்டிகளின் பெட் ஓரம் உயரமானது. டிரெய்லரின் அடிப்பாகத்துக்கும் பெட் ஓரத்துக்கும் குறைந்தது ஆறு அங்குல இடைவெளி வேண்டும், அதே சமயம் டிரெய்லர் சமமாக நிற்க வேண்டும். மூக்கைத் தூக்கி நின்றால் டிரெய்லரின் பின் அச்சு கூடுதல் சுமை வாங்கி, அதன் டயர்கள்தான் முதலில் போகும்.

மேலே கொடுத்த எடைகள் எல்லாம் மதிப்பீடு என்பதை மறக்காதீர்கள். உங்கள் வண்டி ஸ்டிக்கரும் எடைச் சீட்டும் இல்லாமல் யாரும் கடைசி வார்த்தை சொல்ல முடியாது. லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் நிலையங்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடை இருக்கும். குடும்பம், சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றி, டிரெய்லரோடு ஒருமுறை ஏறுங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் மூன்றும் தனித்தனியாக வரும். பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு, அதே ஆட்கள் உள்ளே இருக்க வண்டியை மட்டும் ஏற்றுங்கள். முதல் சீட்டில் வண்டியின் இரண்டு அச்சும் சேர்ந்த எடையிலிருந்து இரண்டாவது சீட்டைக் கழித்தால் வருவதுதான் உண்மையான கிங்பின் எடை. முதல் சீட்டின் பின் அச்சு எண்ணைக் கதவோரத்தில் இருக்கும் பின் அச்சு உச்ச எண்ணோடு ஒப்பிடுங்கள்.

என் தேர்வைக் கேட்டால்: இதே டிரெய்லர், ஐந்து பேர், கொலராடோ என்றால் டூவலி டீசல், உரிமத் தேர்வோடு சேர்த்து. டூவலியோடு தினமும் வாழ முடியாது என்றால் வண்டியைச் சமரசம் செய்யாமல் டிரெய்லரைக் குறையுங்கள். உச்ச எடை 12,000-க்குள் வரும் 32, 33 அடி டிரெய்லர்கள் நிறைய உண்டு. கிங்பின் 2,500-க்கு இறங்கும், பெரும்பாலான ஒற்றை டயர் எஃப்-350 தாங்கும். எந்த வழியானாலும் முன்பணம் கட்டும் முன் அந்த வண்டியின் வி.ஐ.என். எண்ணும் ஸ்டிக்கரும் தெரியும் புகைப்படத்தை விற்பனையாளரிடம் வாங்குங்கள். "எல்லா எஃப்-350-உம் இப்படித்தான்" என்று சொல்பவரிடம் மறுபடியும் கேளுங்கள்.

வாங்கிய பிறகு, முதல் நாள் மாட்டும்போது ஒரு விஷயத்தில் அவசரம் வேண்டாம். கிங்பின் ஹிட்சின் தாடைகளுக்குள் இறங்காமல் அவற்றின் மேலேயே உட்கார்ந்துவிடுவது உண்டு. கைப்பிடி பூட்டியதுபோல் இருக்கும், சாலையில் முதல் பிரேக்கில் டிரெய்லர் கழன்று பெட் ஓரத்தில் விழும். குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: டிரெய்லரின் தட்டும் ஹிட்சின் தட்டும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும், தாடை கிங்பின்னின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். டிரெய்லரின் கால்களைத் தரையிலிருந்து ஓரிரு அங்குலம் மட்டும் தூக்கி, மின்கம்பியைச் செருகி, டிரெய்லர் பிரேக்கைக் கையால் அழுத்திக்கொண்டு வண்டியை மெதுவாக முன்னே இழுத்துப் பாருங்கள். வண்டி திமிறி நின்றால் பூட்டு சரி. அதன் பிறகே கால்களை முழுதாகத் தூக்குங்கள். டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானே பிடிக்க வைக்கும் பிரேக்அவே கம்பியை ஹிட்சில் மாட்டாதீர்கள், வண்டியின் சட்டகத்திலோ பெட்டில் பதித்த வளையத்திலோ மாட்டுங்கள். ஹிட்சே பிய்ந்து வந்தால் அதில் மாட்டிய கம்பியும் கூடவே போய்விடும், டிரெய்லர் பிரேக் பிடிக்காது.